ஐந்து நிமிட நோயாளி

சென்ற கோடையிலிருந்து ஆடி மாதம் வரை என் மகளுக்கு நான் நோயாளியாக வேலை பார்த்தேன். சம்பளம் கிடையாது. அரக்கோணத்து அலுவலகத்திலிருந்து ரயிலில் வந்து சேர்ந்து, கைகால் கழுவி, காபி குடித்து முடித்ததும் வேலை ஆரம்பித்துவிடும். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம். அவள் தன் கைபேசியில் மணி வைப்பாள். மணி அடிக்கும்வரை நான் நோயாளி, அவள் நர்ஸ். அதற்குள் தமிழ் பேசக்கூடாது. பேசினால் மறுபடியும் முதலிலிருந்து.

விளையாட்டுக்கு இல்லை. என் மகள் நிஜமாகவே நர்ஸ். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தவள். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அதற்கு முன்னால் நர்சுகளுக்கான ஆங்கிலத் தேர்வு ஒன்றை அவள் தாண்ட வேண்டும். படிப்பது, எழுதுவது, கேட்டுப் புரிந்துகொள்வது எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். பேசுவதில் கோட்டைவிட்டாள். அந்தத் தேர்வில் எதிரே ஒருவர் நோயாளியாக உட்கார்ந்து பயப்படுவார், கோபப்படுவார், மாத்திரை வேண்டாம் என்பார். ஐந்து நிமிடத்துக்குள் பேசி அவரை வழிக்குக் கொண்டுவர வேண்டும். என் மகள் கொண்டுவந்தாள், ஆனால் அதட்டிக் கொண்டுவந்தாள். வாய்க்கு வாய் ‘யூ மஸ்ட்’. ஓய்வு எடுத்தே ஆகவேண்டும், சாப்பிட்டே ஆகவேண்டும், காலை நீட்டியே ஆகவேண்டும்.

எனக்கு முதலில் குற்றமே புரியவில்லை. அதட்டாத நர்சும் ஒரு நர்சா?

“நைனா, அங்கெல்லாம் அப்டி பேசக்கூடாது. ‘யூ மைட் வாண்ட் டு’ன்னு ஆரம்பிக்கணும். ‘குட் யூ’ன்னு கேக்கணும்.”

“அப்டி கேட்டுகினு இருந்தா ஊசி எப்ப போடறது?”

“இதான் நைனா உன் ப்ராப்ளம். உன் வாய்தான் எனக்கு வந்திருக்குது.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் வீட்டில் ஆங்கிலம் படித்தவன் என்று நடமாடிக்கொண்டிருந்தவன் நான்தான். சின்ன வயதில் அவளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். நான் கற்ற ஆங்கிலமோ ரயில்வே அலுவலகத்தின் ஆங்கிலம். இரண்டு நாள் விடுப்பு வேண்டும் என்றால் ‘மே கைண்ட்லி பி கிராண்டட்’ என்று கீழிருந்து மேலே எழுதுவோம். மேலிருந்து கீழே ‘ஷல் பி’ என்று பதில் வரும். அதை வைத்து நானாக ஒரு சித்தாந்தம் உண்டாக்கியிருந்தேன்: ஆங்கிலத்தில் துணை வினைகள் எல்லாம் உத்தியோகப் படிகள். ‘மே’ கடைநிலை ஊழியர், ‘ஷுட்’ தலைமை எழுத்தர், ‘மஸ்ட்’ கோட்ட மேலாளர். இதை நான் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்பதை நினைத்தால், அவள் மற்ற மூன்று பகுதிகளில் தேறியதுதான் ஆச்சரியம்.

நோயாளியாவது என்று முடிவானதும் ஓர் இலக்கணப் புத்தகம் வாங்கி ரயிலில் படிக்க ஆரம்பித்தேன். ஐம்பதைத் தாண்டியவன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ‘ஐ கேன், யூ கேன், ஹி கேன்’ என்று முணுமுணுப்பதைப் பார்த்த சீசன் டிக்கெட் கூட்டாளிகள் ஓரிரு நாள் எதிர் இருக்கையைக் காலியாகவே விட்டார்கள். ஆனால் படிக்கப் படிக்க எனக்கே ருசி தட்டியது. துணை வினைகளில் இரண்டு சாதி. ஒன்று கூலிக்கு உழைப்பது. ‘இஸ்’, ‘ஹேவ்’ போன்றவை, வேலை நடந்துகொண்டிருக்கிறதா முடிந்துவிட்டதா என்று காலத்தைச் சுமப்பவை. நம்மிடமும் அது உண்டு. ‘வந்துகினு இருக்கான்’ என்பதில் வேலை செய்வது ‘வந்து’. மீதியெல்லாம் பின்னால் மூட்டை தூக்கி வருவது. நம் ஆட்கள் பின்னால் வருகிறார்கள், அவர்கள் ஆட்கள் முன்னால் போகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ‘டூ’ என்று ஒன்று இருக்கிறது. கேள்வி என்று வந்தால் போதும், சொந்த வேலை எதுவும் இல்லாமல் முன்னால் வந்து நின்றுவிடும். எங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார்.

இன்னொரு சாதி ‘கேன்’, ‘குட்’, ‘மே’, ‘மைட்’, ‘ஷுட்’, ‘மஸ்ட்’. இவை பெரிய இடத்துப் பிள்ளைகள். அவன் என்றாலும் அவள் என்றாலும் தம் உருவத்தை மாற்றிக்கொள்ளாது. பின்னால் வரும் வினையிலும் வால் எதுவும் ஒட்டிக்கொள்ள விடாது. வேலையைச் செய்வதும் இல்லை. செய்ய முடியுமா, செய்யலாமா, செய்தே ஆகவேண்டுமா என்று பக்கத்தில் நின்று அபிப்பிராயம் சொல்லும். இதைப் படித்த அன்று, என் வாழ்க்கையில் என்னைப் போன்ற ஒரு சொல்லை முதல்முறையாகச் சந்தித்ததுபோல் இருந்தது.

சித்தாந்தத்தை உடைத்தவள் மகள். ரத்த அழுத்தக் கருவியின் பட்டையை என் கையில் சுற்றி, ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு காற்றை ஏற்றினாள். வலிக்கிற அளவுக்கு ஏற்றினாள்.

“இதான் மஸ்ட். இப்ப இன்னா கேக்குது எனக்கு? ஒண்ணும் கேக்காது. உன் நாடியே நின்னுபோச்சு.” கொஞ்சம் காற்றை இறக்கினாள். “இது ஷுட்.” இன்னும் இறக்கினாள். “இது மைட், குட். இப்பதான் உள்ள துடிக்கறது கேக்குது. பேஷண்ட்டுக்கு இன்னா பயம்னு அப்பதான் தெரியும். மரியாதைக்காக மட்டும் இல்ல நைனா.”

புரிந்தது. புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கை மரத்துவிட்டது என்றேன்.

நோயாளியாக நான் முதலில் சோபிக்கவில்லை. தலைவலி என்பேன். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டால் “யெஸ் சிஸ்டர்” என்று எழுந்துவிடுவேன். “நைனா, நீ அடங்காத பேஷண்ட்டா இருக்கணும். சண்டை போடணும்,” என்றாள். நல்ல நோய்களுக்காக ரயிலில் கூட்டாளிகளிடம் கேட்டேன். அங்கே பஞ்சமே இல்லை. ஒருவர் தன் சர்க்கரையைக் கொடுத்தார். ஒருவர் மூலத்தை, மகளிடம் நடிக்க முடியாத அளவுக்கு விவரமாகக் கொடுத்தார். பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கும் ஒருவர் முழங்கால் வலியை நடந்தே காட்டினார். எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து அரங்கேற்றினேன். மருந்தை வீசினேன், நர்சை மாற்றச் சொன்னேன், ஒருநாள் மருத்துவமனையிலிருந்து தப்பி ஓடி வாசல்வரை போய்விட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சார் என்று கேட்டார்.

என் உச்சம் நெஞ்சுவலி. இடது கையால் மார்பைப் பிடித்து, கண்ணை மேலே செருகி, நாற்காலியில் சரிந்து, “சிஸ்டர், ஐ ஆம் கோயிங்” என்பேன். மனைவி அடுப்படியிலிருந்து, “இன்னாங்க இது, சாயங்கால வேளையில அபசகுனமா,” என்பாள். மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

“நெஞ்சு வலி வந்தவன் யாரும் இவ்ளோ டயலாக் பேசமாட்டான் நைனா. ஓவர் ஆக்டிங்.”

“நீ எத்தினி பேர பார்த்திருக்கே?”

“உன்ன மாதிரி ஒருத்தனையும் பாக்கல.”

ஆனாலும் அவள் தேறிக்கொண்டே வந்தாள். கடைசியாக என்னைத் திட்டவேண்டிய இடத்தில்கூட ‘வுட் யூ மைண்ட்’ என்று ஆரம்பித்தாள். எனக்குத்தான் உள்ளே ஏதோ நழுவியது. அவள் ஒவ்வொரு முறை சரியாகப் பேசும்போதும் இங்கிலாந்து ஒரு ஸ்டேஷன் நெருங்கிவந்தது.

ஆடிக் கிருத்திகை அன்று உள்ளூர் விடுமுறை. மகள் தேர்வுக்காக நான் விரதம் இருந்தேன். காவடிக் கூட்டத்தோடு எங்கள் ஊர் மலைக்கோயிலுக்குப் படியேறி, சாமியை ஒரு கணம் பார்த்தேனா அல்லது எனக்கு முன்னால் நின்றவரின் மொட்டைத் தலையைப் பார்த்தேனா என்று தெரியாமல் இறங்கிவந்தேன். விரதத்தை முடித்த விதத்தைச் சொல்லாமல் விடலாம். வடை, பாயசம், மேலும் வடை. ஆகையால் பிற்பகலில் மேல்வயிற்றில் ஒரு கனம் வந்தபோது வாயு என்று நானே முடிவு செய்தேன். கனம் தாடைக்கு ஏறியது. தாடையில் வாயு எப்படி வரும் என்று யோசிப்பதற்குள் மகள் மணியை வைத்துவிட்டாள்.

“ஸ்டார்ட்,” என்றாள்.

அன்றைக்கு எனக்கு மூட்டுவலி ஒதுக்கப்பட்டிருந்தது. நான் பேசவில்லை. பேச மூச்சு போதவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கே வலிக்கிறது என்று சொல்ல முடியுமா என அவள் அழகான ஆங்கிலத்தில் கேட்டாள். நான் தாடையைத் தொட்டுக் காட்டினேன். அவள் புருவத்தை உயர்த்தினாள்.

“பரவால்லியே நைனா. இன்னிக்கு சூப்பரா பண்றே.”

இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அந்த நிமிடம், உடம்பில் வேர்வை வழிய, தாடை கழன்றுவிடும்போல் வலிக்க, எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. இத்தனை மாதத்தில் என் நடிப்புக்குக் கிடைத்த முதல் பாராட்டு. மனிதன் சாகும்போதும் கைதட்டலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பான் என்பதற்கு நானே சாட்சி.

நிஜமாகவே வலிக்கிறது என்று தமிழில் சொல்லியிருக்கலாம். தமிழ் பேசினால் மறுபடியும் முதலிலிருந்து என்பது மண்டையில் அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது. நான் சட்டத்தை மீறாத அரசாங்க ஊழியன். “சிஸ்டர்,” என்றேன், “இட் மே பி ரியல்.”

“வெரி குட். ‘மே’ கரெக்டா போட்டே,” என்றாள்.

பிறகு, காட்சிக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று, நாடி பார்ப்பதுபோல் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல்கள் நின்றன. என் கை சில்லென்று நனைந்திருந்தது. அவள் முகத்தில் என் மகள் போய் வேறொருத்தி வந்ததை அருகிலிருந்து பார்த்தேன்.

அதற்குப் பிறகு எந்தத் துணை வினையும் இல்லை. “வாயத் தொற. மெல்லு. முழுங்காத, மெல்லு,” என்று ஒரு மாத்திரையை வாயில் திணித்தாள். “அம்மா, அடுப்ப அணை. பூட்டு. வா.” ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். கிருத்திகைக்காக ஊருக்குள் வண்டி விடவில்லை, தடுப்புக்கு வெளியே பைபாஸில் நிற்கிறோம் என்றார்கள். ஆட்டோவும் இல்லை. என்னை ஸ்கூட்டரில் தனக்குப் பின்னால் உட்காரவைத்து, எனக்குப் பின்னால் மனைவியை ஏற்றி, “நைனாவ இறுக்கிப் பிடி, வுட்டுடாத,” என்றாள். மஞ்சள் வேட்டியும் பூக்காவடியுமாக ஊரே எதிரே வந்துகொண்டிருந்தது. “வழி வுடு! ஹார்ட் பேஷண்ட்! ஒத்து!” என்று கத்தினாள். ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்த கூட்டத்தைப் பார்த்ததும் “தப்புகோண்டி! தப்புகோண்டி!” என்று தெலுங்குக்கு மாறினாள். கூட்டம் பிளந்தது. எங்களைப் பார்த்துச் சிலர் அரோகரா என்றார்கள். மூன்று பேர் ஒட்டிக்கொண்டு போவதையும் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள். நடுவழியில் அவள் சட்டைப்பையில் மணி அடித்தது. ஐந்து நிமிடம் முடிந்திருந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை.

பைபாஸில் ஆம்புலன்சுக்கு மாற்றி, மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். இளம் டாக்டரம்மா என்ன செய்கிறது ஐயா என்றார். நான் ஆங்கிலத்தில், “இட் குட் பி கேஸ் டிரபிள், இட் மைட் பி ஹார்ட்,” என்றேன். டாக்டரம்மா என் மனைவியைப் பார்த்தார். மனைவி மகளைப் பார்த்தாள். மகள் குனிந்து என் காதருகே சொன்னாள்:

“டைம் முடிஞ்சிடுச்சு நைனா. தமிழ்ல பேசு.”

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

சென்னைக்குக் கொண்டுபோய் அடைப்பை நீக்கி, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, பிழைக்கவைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த முதல் நாளே மகள் சொல்லிவிட்டாள். “நான் பரீட்சை எழுதல. எங்கியும் போகல. இங்கியே எதுனா வேலைக்குப் போறேன்.” நான், “சேச்சே, அதெல்லாம் கூடாது,” என்றேன். சொன்ன குரலில் பலமே இல்லை. மாத்திரை சாப்பிட்டதால் வந்த சோர்வு என்று மனைவி நினைத்தாள்.

அதன்பின் மகள் என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். “கொஞ்சம் நடக்கலாமா நைனா?” “உப்பு இன்னும் கம்மி பண்ணிக்கலாமா?” எல்லாம் லாம், லாம். நான் கற்றுக்கொடுக்க உதவிய அதே மென்மை இப்போது என் மேலேயே திரும்பியிருந்தது. நான் மறைத்துவைத்துச் சாப்பிட்ட ஊறுகாயைக் கண்டுபிடித்தபோதும் அவள் கோபப்படவில்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கைபேசியில் மணி வைப்பதும் நின்றது. மாலையில் சும்மா உட்கார்ந்து என் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மாலை அவள் ரத்த அழுத்தம் பார்க்க வந்தபோது என் கைபேசியில் ஐந்து நிமிடம் வைத்தேன். “சிஸ்டர், ஐ ஹேவ் எ ப்ராப்ளம்,” என்றேன்.

“வேணாம் நைனா.”

“பேஷண்ட் வந்துட்டான். நீ துரத்த முடியாது.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, என்ன பிரச்சினை என்று தெரிந்துகொள்ளலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்கு ஒரு மகள். நர்ஸ். வெளிநாடு போகவேண்டியவள். என் இதயத்தால் போகமாட்டேன் என்கிறாள்.

“அதைப் பற்றி நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?” என்றாள். தேர்வில் கேட்கவேண்டிய கேள்வி.

வருத்தமாக இருக்கிறது என்று சொல்லத்தான் தயாராக இருந்தேன். “ஹேப்பி,” என்று வந்துவிட்டது. “வெரி ஹேப்பி, சிஸ்டர். தட் இஸ் தி ப்ராப்ளம்.”

அவள் கருவியின் பட்டையை என் கையில் சுற்றினாள். தமிழில் இதை நான் சொல்லியிருக்கமாட்டேன். பிறகு, எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டாள். மறுபடியும் வலி வந்தால் யாருக்குத் தெரியும், என் மனைவி சோடா கொடுப்பாள் என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொழிலுக்குத் திரும்பினாள். வலி தாடையில் வரலாம், கையில் வரலாம், வெறும் வேர்வையாகவும் வரலாம் என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். யாரைக் கூப்பிடுவது, எதை மெல்லுவது என்றாள். உங்கள் மகள் பக்கத்தில் இருந்தபோதும் முதலில் கவனிக்கவில்லை என்றாள். அந்த இடத்தில் குரல் உடைந்தது. அவள்தான் கவனித்தாள், கையைப் பிடித்தவள் அவள்தான் என்றேன். “ஷி ஷுட் கோ,” என்றேன். மணி அடித்தது.

மனைவி கரண்டியோடு வந்து எட்டிப்பார்த்தாள். “இன்னாடி, அப்பாவும் பொண்ணும் இங்கிலீஷ்ல அழுதுகினு இருக்கீங்க?”

“ஒண்ணும் இல்லம்மா,” என்று மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பட்டையில் காற்றை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். “நைனா, பிரஷர் ஏறியிருக்குது. ஊறுகா தின்னியா? இன்னொரு வாட்டி தின்னு பாரு, பாட்டில உடைக்கறேன்.” அந்த வாரமே தேர்வுக்குப் புத்தகங்களை மறுபடி எடுத்துவைத்தாள்.

தேர்வு எழுதினாள், தேறினாள். இப்போது விசாவுக்காகக் காத்திருக்கிறாள். போவதற்குள் அம்மாவைத் தயார்செய்ய வேண்டும் என்று புது ஏற்பாடு நடக்கிறது, முழுக்கத் தமிழில். என் நாற்காலியில் மகள் உட்கார்ந்து நோயாளி ஆகிறாள். மனைவி ஓடிவந்து மாத்திரையை எடுக்கவேண்டும், கைபேசியில் எண்ணை அழுத்துவதுபோல் காட்டவேண்டும், கதவைத் திறந்துவைக்கவேண்டும். முதல் சில தடவை அவள் கைபேசியைத் தேடுவதற்குள் நோயாளி இரண்டு முறை செத்துவிட்டாள். இப்போது பரவாயில்லை.

என்னால்தான் பார்க்க முடியவில்லை. மகள் கத்துவதில்லை, மார்பைப் பிடிப்பதில்லை. நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்து, ஒரு விரலால் தாடையைத் தொடுகிறாள். ஒரே ஒரு தடவை பார்த்ததை அப்படியே செய்கிறாள். அந்த விரல் மேலே போகும்போது என் கால் தானாக எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறது.

“இன்னாங்க, எங்க போறீங்க?” என்று மனைவி உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். “அடியே, உன் நிஜ பேஷண்ட் ஓடறாரு பாரு!”

“வுடும்மா, வந்துடுவாரு,” என்கிறாள் மகள், நாற்காலியிலிருந்து எழாமலே. “நீ மொதல்ல நம்பர போடு.”